இரண்டாம் எடை

மாமாங்கத்தில் நான் உட்காரும் எடைமேடை
அறுபது டன் தாங்கும்.
வெள்ளைக்கல் லாரி, மரவள்ளி லாரி,
சித்திரை வைகாசியில் மாங்காய் லாரி,
ஏறும், நிற்கும், சிவப்பு எண் துடித்து அடங்கும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
இருபத்திரண்டு வருடமாய் நான் ஓதுவது இந்த எண்களைத்தான்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு
காலியாய்க் கிடந்த மேடையில்
முஸம்மில் பெட்டியோடு ஏறி நின்றான்.
"ஃபிளைட்ல இருபத்திமூணு கிலோதான் அத்தா.
பாத்துச் சொல்லுங்க."
எண்பது.
அவன் இறங்க, பெட்டி மட்டும்: இருபது.
"இருபதா, இருபத்தஞ்சா?"
இதுக்குத் தெரியாதுடா.
பத்துப் பத்தாகத்தான் இது எண்ணும்.
மிச்சம் சொச்சமெல்லாம்
இதற்குக் காற்று.

பழைய இரும்புக் கடையின் கொக்கித் தராசில்
தொங்கவிட்டோம். இருபத்தாறரை.
மூன்றரைக் கிலோவுக்கு எதை எடுப்பது?
ஜவ்வரிசி வடாத்தை அவன் எடுத்தான்,
ரஷீதா வைத்தாள்,
எடுத்தான்,
வைத்தாள்.
அரபு அகராதியைத் தொட யாருக்கும் துணிவில்லை.
கம்பளி வேண்டுமாம், கெய்ரோவில் குளிருமாம்.
பாலைவனம் குளிரும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
கடைசியில் வடாம் பாதி வெளியே வந்தது,
நான் வாங்கித் தந்த புது ஷூவும்.
"போட்டுக்கிட்டே போறேன் அத்தா."
காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வைத்தான்.
என் காலுக்கு ஒரு நம்பர் பெரிது.

மச்சான் கமாலுதீன் கேட்டான்:
மதரஸாவில் இருந்துகொண்டே பிளஸ் டூ எழுதி
கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினவன்,
வேலூரில் ஏழு வருடம் ஓதினது போதாதா?
அங்கே நூறு நாட்டுப் பிள்ளைகள்,
ஆயிரம் ஆயிரமாய்.
அதில் உன் பையன் எந்த மூலை?

எனக்கென்ன தெரியும்,
தொழுகைக்குத் தேவையான ஐந்தாறு சூராவைத் தவிர?
ஜேர் ஜபர் இல்லாத கிதாபை
அவன் விரித்துத் தட்டாமல் படிக்கும்போது
முட்டுச்சந்தில் பதினாறு சக்கர வண்டியை
ரிவர்ஸ் எடுப்பவனைப் பார்ப்பதுபோல்
வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெங்களூர் வரை சித்தேஸ்வரன் கார்.
தொப்பூர் ஏற்றத்தில் பாட்டை நிறுத்தினான்.
அந்த வளைவில் எல்லா டிரைவரும்
எதையாவது முணுமுணுப்பார்கள்.
பின்சீட்டில் என் மகனும் முணுமுணுத்தான்.
ரஷீதா தூங்குவதுபோல்
கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

நாலு மாதம் ஆகிறது.
வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூப்பிடுகிறான்.
அறையில் ஆறு பேர்,
இரண்டு நைஜீரியா, ஒரு இந்தோனேசியா,
மற்றவர்கள் நாட்டின் பெயர் என் வாயில் நுழையவில்லை.
காலையில் மொச்சை மாதிரி ஒரு பயறு, காய்ந்த ரொட்டி.
ஹஜ்ரத் உட்காரும் தூணுக்கு இடப்பக்கம்
இடம் பிடிக்க இருட்டிலேயே போய்விடுகிறானாம்.
கமாலுதீனிடம் சொன்னேன்:
இடப்பக்கம்.
அவனுக்குப் புரியவில்லை.

"மெலிஞ்சுட்டான்" என்கிறாள் ரஷீதா.
இல்லை, அங்கே வெளிச்சம் அப்படி என்கிறேன்.
அவள் சொல்வதுதான் சரி.
நாலு கிலோ, ஐந்து கிலோ போயிருக்கும்.
இத்தனை வருடம் உட்கார்ந்து
நானும் இந்த மேடை மாதிரியே ஆகிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி விளையாட்டுக்கு
ஒரு சீட்டுப் போட்டிருந்தேன்.
வண்டி எண்: முஸம்மில்.
முதல் எடை: எண்பது.
முதல் எடையில்
லோடு வண்டியா காலி வண்டியா என்று
மெஷின் கேட்பதில்லை.
வண்டி திரும்பி வந்து ஏறினால்தான்
ஏற்றிப் போனதா, ஏற்றிக்கொள்ளப் போனதா,
கழித்துச் சொல்லும்.

தினமும் கணக்கு முடிக்கையில்
கம்ப்யூட்டர் கேட்கிறது:
இரண்டாம் எடை பாக்கி ஒன்று. நீக்கவா?
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
ஷட்டரை இறக்குகிறேன்.
இருட்டில் வீட்டுக்கு நடக்கும்போது
செருப்பு
ஒவ்வொரு அடிக்கும்
கொஞ்சம் பிந்தி வருகிறது.